காஷ்மீர் அண்ணாச்சியின் தலை

விருதுநகர் மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பனி பெய்த ஒரே இடம், சிவகாசியில் நான் வேலை பார்க்கும் காலண்டர் அச்சகத்தின் மூன்றாவது மேஜைதான். தார் ரோடு இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் சித்திரை வெயிலில்கூட, அந்த மேஜைக்காரரின் இரண்டு தோளிலும் வெள்ளை வெளேரென்று பொடுகு படிந்திருக்கும். அதனால் அவர் காஷ்மீர் அண்ணாச்சி. ரேஷன் கார்டில் வேறு பெயர் இருந்திருக்கலாம். யாரும் கேட்டதில்லை.

அவர் புரூஃப் பார்ப்பவர். நான் பக்கத்து மேஜையில் கம்ப்யூட்டரில் டிசைன் போடுபவன். ராகு காலம் அரை மணி பிசகினால் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். படங்களை மட்டும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். கறுப்புச் சட்டைதான் போடுவார்.

"வெள்ளைச் சட்டை பொய் சொல்லும்லே. கறுப்புலதான் இன்னைக்கு எம்புட்டுன்னு தெரியும்" என்பார். சாயங்காலம் தோளைப் பார்த்து, "இன்னைக்கு மிதம்" என்று வானிலை மாதிரி அறிவித்துவிட்டுக் கிளம்புவார்.

பொடுகு ஏன் வருகிறது என்பதில் மாதம் ஒரு கொள்கை. முதலில் உப்புத் தண்ணீர். ஆமத்தூரில் ஒரு கிணறு நல்ல தண்ணீர் என்று யாரோ சொல்ல, பைக்கில் கேனைக் கட்டிக்கொண்டு தினமும் போய்வந்தார். பனி குறையவில்லை. அடுத்தது சீலிங் ஃபேன். "காத்து தலையைக் காய வைக்குது, காஞ்சது உதிருது" என்று ஃபேனை அணைத்துவிட்டார். மே மாதம். பதினோரு பேர் உட்காரும் அறை. முதலாளியே சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, உங்க ஒரு தலை காயக்கூடாதுன்னு நாங்க அம்புட்டுப் பேரும் அவியணுமா?"

வைத்தியங்களுக்கும் குறைவில்லை. புளித்த தயிர் தேய்த்த வாரம் ஊர் ஈயெல்லாம் எங்கள் ஆபீசில். வெந்தயத்தை அரைத்து அப்பிய அன்று, கழுவ மறந்து அப்படியே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். வெயிலில் இறுகி, ஹெல்மெட் கழலவே இல்லை. மத்தியானம் வரை ஹெல்மெட்டோடுதான் புரூஃப் பார்த்தார். சென்னையிலிருந்து வந்திருந்த பேப்பர் ஏஜென்ட் மிரண்டுபோய், "உள்ளே உட்கார்ந்துகிட்டு எதுக்கு சார் ஹெல்மெட்?" என்றார். முதலாளி முகம் மாறாமல், "பட்டாசு ஊரு பாத்தீகளா. பாதுகாப்பு" என்றார்.

பொடுகுக்குக் கந்தகம் நல்லது என்று கேள்விப்பட்டு, வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த தன் மச்சானிடம் போய் நின்றார். மச்சான் கையெடுத்துக் கும்பிட்டார். "மச்சான், இது தரைச்சக்கரத்துக்குப் போடுறது. நீங்க தலையில தடவிக்கிட்டுப் பீடி குடிக்கிறவன் பக்கத்துல நின்னீகன்னா, சீசனுக்கு முன்னாடியே தீவாளி வந்துரும்."

எந்தக் கொள்கை மாறினாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. காலையும் மாலையும் தலையில் வழிய வழியத் தேங்காய் எண்ணெய்.

ஒரு வருஷம் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு பலசரக்குக் கடைக்காரர் ஆர்டர் கொடுத்தார். இறந்துபோன அவருடைய அம்மாவின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் காலண்டர். அந்த அம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு பழைய போட்டோ. அதை நான் ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கும்போது, அதிசயமாக அண்ணாச்சி ஒரு படத்தைக் குனிந்து பார்த்தார். "முகம் என்ன களையா இருக்குலே!"

குனிந்ததுதான் வினை.

லோடு போன பிறகுதான் நான் மிச்சமிருந்த ஒரு காலண்டரைப் பார்த்தேன். அம்மாவின் இடது மூக்கில் பளிச்சென்று ஒரு வெள்ளைப் புள்ளி. ஃபைலைத் திறந்து பெரிதாக்கினேன். ஓரமெல்லாம் பிய்ந்த ஒரு செதில். சந்தேகமே இல்லை, காஷ்மீர்தான். அண்ணாச்சிக்கு முகம் செத்துவிட்டது. "பெத்த தாயி முகத்துல போட்டுட்டேனேலே" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைக்காரர் காலண்டரும் கையுமாக வந்தார். முதலாளி மன்னிப்புக் கேட்க எழுந்தார். அதற்குள் கடைக்காரர் படத்தில் அந்த வெள்ளைப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார்.

"அம்மாவுக்கு வெள்ளைக்கல் மூக்குத்திய்யா. நான் கடை வைக்கையில கழட்டிக் குடுத்தாக. அப்புறம் சாகுற மட்டும் வெறும் மூக்குத்தான், இந்த போட்டோவும் அப்படி எடுத்ததுதான். உங்களுக்கு யாரு சொன்னா? அதே இடத்துல வச்சிருக்கீகளே!"

பொய் சொல்லத் தெரியாத ஒரே மனிதர் எழுந்து நின்றார். "ஐயா, அது மூக்குத்தி இல்ல. அது என்..."

முதலாளி அவர் காலை ஓங்கி மிதித்தார். "அவரோட வேலைன்னு சொல்ல வர்றாரு. கூச்ச சுபாவம்."

கடைக்காரர் அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கால்வலியோ வேறெதுவோ, அண்ணாச்சி கண்ணிலும் தண்ணீர்.

அன்று சாயங்காலம் நேராக என் வீட்டுக்கு வந்தார். என் மனைவி கிரேஸ் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "தாயி, என் தலையில இருந்து இனி ஒண்ணு உதிரக்கூடாது" என்றார்.

கிரேஸ் தலையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "அண்ணாச்சி, தண்ணியும் இல்ல, காத்தும் இல்ல. எல்லார் தலையிலயும் ஒரு பூஞ்சை இருக்கு. எண்ணெய்தான் அதுக்குச் சாப்பாடு. சில பேர் தோலுக்கு அது ஒத்துக்காது, செதில் செதிலா உரியும். நீங்க ரெண்டு வேளையும் அதுக்குப் பந்தி வைக்கீக. எண்ணெயை நிறுத்துங்க. மருந்துக்கடையில பூஞ்சைக்குன்னு ஷாம்பு இருக்கு. வாரம் ரெண்டு தடவை தேய்ச்சு, அஞ்சு நிமிசம் ஊறவிட்டுக் கழுவுங்க. விட்டா திரும்ப வரும், அப்பப்ப போட்டுக்கிடணும். அப்படியும் போகலைன்னா தோல் டாக்டரைப் பாருங்க."

அண்ணாச்சி, "அம்புட்டுத்தானா?" என்றார். இருபது வருஷ ஆராய்ச்சியை ஒரு தம்ளர் காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டாளே என்ற வருத்தம்.

ஒரே மாதத்தில் தோள் சுத்தம். எங்களுக்குத்தான் அவரை அடையாளம் தெரியவில்லை.

வேலையிலிருந்து ஓய்வுபெற்று இப்போது பாளையங்கோட்டையில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் போனில் பேச்சுவாக்கில், என் மகள் தலையைச் சொறிகிறாள் என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வாசலில் நிற்கிறார், கையில் ஷாம்பு பாட்டில். பாத்ரூம் கதவுக்கு வெளியே வாட்சைப் பார்த்தபடி, "இன்னும் ரெண்டு நிமிசம் தாயி, கண்ணை மூடிக்க" என்று குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்.

கிரேஸ் சிரித்தாள். "ஏன் அண்ணாச்சி, வீட்டுக்குள்ளயே ஒரு நர்ஸ் இருக்கேன்ல?"

"இருக்கீக. டூட்டிக்குப் போயிட்டீகன்னா?"

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, என் தலையும் கொஞ்சம் அரிக்கக்கூடாதா என்று இருந்தது.