கணக்குப்புலியின் பழைய சம்பளம்

வரி கட்டும் குடிமகன்தான் ஒரு நாட்டின் முதுகெலும்பு. தலை நிமிர்ந்து நடக்கும் உரிமை அவன் ஒருவனுக்கே உண்டு. கணக்குப்புலி இதைப் பல வரிசைகளில் நின்றபடி, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். அன்று காலை புது வேலையின் முதல் சம்பளச் சீட்டு கைப்பேசியில் வந்தது. வருமான வரிப் பிடித்தம் இருபத்தேழாயிரம் என்று இருந்தது. முதுகெலும்பு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

நாலு பேர் சேர்ந்து சாப்பிட்டால் பில்லை ஆள்வாரியாக மனதிலேயே பிரித்துவிடுவார். அதனால் வந்த பட்டம்தான் கணக்குப்புலி. வரியைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அதைப் பிடிப்பார்கள் என்பது மட்டும்.

"கைக்கு எவ்வளவு வந்திருக்கு?" என்றாள் மனைவி.

"முப்பத்தெட்டு."

"பழைய இடத்துல நாப்பது வந்துச்சே. ரெண்டாயிரம் கம்மியா வாங்கவா நான் அத்தனை இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்ச்சுக் கொடுத்தேன்?"

"கணக்குப் பிரிவுல தப்புப் பண்ணியிருக்காங்க."

"பெரிய வீட்டுக்கு வர்றோம்னு ஓனரம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். அறுபத்தஞ்சாயிரம் சம்பளம்னு வேற சொல்லி வச்சிருக்கேன்."

"நான் போய் நாலு வார்த்தை கேட்டா இன்னைக்கே திருப்பிக் கொடுத்துடுவாங்க. யார்கிட்ட?"

சோப்புக் கம்பெனியின் கிடங்குக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கணக்குப் பிரிவில் ஏழெட்டுப் பேர் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். புலி வாசலிலேயே குரலை உயர்த்தினார்.

"மேடம், வரி பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இது பகல் கொள்ளை."

அறை நிமிர்ந்து பார்த்தது. அதற்காகத்தான் உயர்த்தினார்.

கணக்காளர் அம்மா நிதானமாக ஒரு தாளை உருவினார். "வருஷத்து நடுவுல வந்திருக்கீங்க. பழைய இடத்துல ஏழு மாசம் வாங்கினது, இங்க வாங்கப்போற அஞ்சு மாசம், ரெண்டையும் கூட்டித்தான் வரி போடணும். பழைய சம்பளம் மாசம் அறுபதாயிரம்னு எழுதியிருக்கீங்க. அங்க பிடிச்ச வரிங்கிற இடத்துல கோடு போட்டிருக்கீங்க. அப்ப முழு வருஷ வரியையும் நான்தானே பிடிக்கணும்? அதை முதல் ரெண்டு மாசத்துலயே பாதி பாதியாப் பிடிச்சுடறது இங்க வழக்கம். இது உங்க கையெழுத்துதானே?"

கையெழுத்து அவருடையதுதான். அறுபதாயிரம்தான் அவருடையதல்ல. பழைய சம்பளம் நாற்பத்திரண்டாயிரம். இன்டர்வியூ விண்ணப்பத்தில் அதை அறுபதாக்கினார்; அப்போதுதானே மேலே போட்டுக் கொடுப்பார்கள்? கொடுத்தார்கள், அறுபத்தைந்து. அந்தச் சாமர்த்தியத்தை மச்சானுக்கு இரண்டு முறை விளக்கிச் சொல்லியிருந்தார். வேலையில் சேர்ந்த அன்று நீட்டிய இந்தத் தாளிலும் அதையே எழுத வேண்டியதாயிற்று. பொய்யாக இருந்தாலும் முன்னுக்குப் பின் முரணாக இருக்கக் கூடாது அல்லவா?

"ஒண்ணும் பிரச்சினையில்ல," என்றார் அம்மா. "பழைய கம்பெனியில சம்பளச் சான்றிதழ் கொடுப்பாங்க. கொண்டு வாங்க, அடுத்த மாசமே சரி பண்ணிடலாம்."

சான்றிதழ் வீட்டு அலமாரியில் இருந்தது. அதில் நாற்பத்திரண்டு என்றும் இருந்தது.

"அவங்க ரொம்ப மெதுவா வேலை பார்ப்பாங்க மேடம்."

"நம்பர் கொடுங்க, நானே கேக்கறேன்."

"வேண்டாம் மேடம்." புலி ஒரு நொடி யோசித்தார். "அந்தக் கம்பெனியை மூடிட்டாங்க."

"அடப் பாவமே. எப்ப?"

"நான் வந்ததுக்கப்புறம். நான் இல்லாம அவங்களால சமாளிக்க முடியல."

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அட்டைப்பெட்டிக் கம்பெனிதானே? நேத்து மத்தியானம் நமக்கு ஒரு லோடு வந்துச்சே அவங்ககிட்டேர்ந்து. நீங்கதான் கையெழுத்துப் போட்டு இறக்கியிருக்கீங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை. புலிக்குக் காது மடல் சுட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"உள்ளதைச் சொல்லிடறேன் மேடம். நாப்பத்திரண்டுதான் கணக்குல காட்டுவாங்க. மிச்சம் பதினெட்டைக் கவர்ல போட்டுக் கையில கொடுப்பாங்க."

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மாசா மாசமா?"

"மாசா மாசம்."

"எல்லாருக்குமா?"

"இல்ல... திறமையானவங்களுக்கு மட்டும்."

"அப்ப இது நம்ம ரெண்டு பேரோட முடியிற விஷயமில்ல சார். அவங்க நமக்குச் சரக்குக் கொடுக்கறவங்க. கணக்குல காட்டாம பணம் கொடுக்கறாங்கன்னா மேனேஜருக்குத் தெரியணும். நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க." வெள்ளைத் தாள் ஒன்று புலியின் முன்னால் வந்து படுத்தது.

பழைய முதலாளியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. வேலையை விட்ட அன்று கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிவிட்டு, "நல்லா இருங்க தம்பி," என்று சொன்ன மனுஷன். அந்தக் கடிகாரம் கட்டிய கையால்தான் இப்போது எழுத வேண்டும்.

புலி குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கும்படி பேசினார். ஆனால் அவர் வந்தபோது போட்ட சத்தத்தில் வேலையை நிறுத்தியிருந்த அறை இன்னும் தொடங்கவில்லை.

"கவரெல்லாம் எதுவும் இல்ல மேடம். அவங்க நல்லவங்க. நாப்பத்திரண்டுதான் வாங்கினேன். நான்தான் கூட்டி எழுதினேன். அறுபதுன்னு போட்டாத்தான் நீங்க அறுபத்தஞ்சு தருவீங்கன்னு..."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

"வேலையை விட்டு எடுத்துடாதீங்க மேடம். வீட்ல பெரிய வீடு பார்த்துட்டாங்க."

அம்மா வெள்ளைத் தாளைத் திரும்ப எடுத்து மேசை இழுப்பறையில் போட்டார். "சான்றிதழைக் கொண்டு வாங்க. புதுசா ஒரு தாள் எழுதிக் கொடுங்க. அதிகமாப் பிடிச்சதை அடுத்த மாசத்து வரியில கழிச்சுக்கலாம். யாரையும் எடுக்க மாட்டாங்க." புலியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். திட்டியிருந்தாலும் இவ்வளவு கூசியிருக்காது.

புலி திரும்பினார். வாசல் வெகு தூரத்தில் இருந்தது. மூலையில் ஏணி மேல் நின்று கோப்பு அடுக்கிக்கொண்டிருந்தவர் ஆறுதலாகச் சொன்னார்:

"இந்த வேலைக்கு யார் வந்தாலும் அறுபத்தஞ்சுதான் சார்; பழைய சம்பளத்தை இங்க வரி பிடிக்க மட்டும்தான் பார்ப்பாங்க."