வெளிச்சம் தின்னும் கிருமி

"இருபது நிமிஷம் யூவி லைட்டுல காய்ஞ்ச கிருமி எப்படிம்மா இப்படிக் கொழுகொழுன்னு வளரும்?"

மேதை உதவியாளர் அக்காவிடம் தட்டைக் காட்டிக் கத்தினார். தொடவில்லை, பேனா முனையால் தூரத்திலிருந்தே காட்டினார். கிருமிகளைக் கொல்லும் புற ஊதா விளக்குப் பெட்டி செய்கிற கம்பெனி அது. அதன் சோதனைக்கூடத்துக்கு அவர் ஒன்பது வருஷமாகத் தற்காலிகத் தலைவர். 'மேதை' என்பது ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். ஒருநாள் அது அவர் காதில் விழுந்தது. மனுஷன் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார்!

ஒரு பெரிய ஆஸ்பத்திரி முந்நூறு பெட்டி கேட்டிருந்தது. விளக்கு கிருமியைக் கொல்கிறது என்று சோதித்து அறிக்கை கொடுத்தால் போதும், மேதையின் நாற்காலி நிரந்தரம். "இன்னைக்காவது ஆயிடுமா?" என்று வீட்டில் மனைவி தினமும் காலையில் கேட்டு மானத்தை வாங்கிக்கொண்டிருந்தாள்.

சோதனை ஒன்றும் பிரமாதமில்லை. கிருமி பூசிய நாலு கண்ணாடித் தட்டு. முதல் தட்டின் மேல் வெளிச்சமே படக்கூடாது, தொடக்கத்திலிருந்தே கறுப்பு அட்டையால் மறைத்திருக்கவேண்டும். மற்ற மூன்றும் ஐந்து, பத்து, இருபது நிமிஷம் விளக்கின் கீழ் இருக்கவேண்டும். நேரம் முடிந்த தட்டையும் அதேபோல் மறைக்கவேண்டும். நாலு மூடிகளின் மேலும் 0, 5, 10, 20 என்று எழுதுவதோடு மேதையின் விஞ்ஞானம் முடிந்துவிடும். தட்டைத் தொட்டால் கிருமி ஒட்டிக்கொள்ளுமே! பூசுவது, திறப்பது, மூடுவது, வெதுவெதுப்பான அலமாரியில் வைப்பது எல்லாம் உதவியாளர் அக்காதான். அவர் தன் அறையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார்.

மறுநாள் பார்த்தால் '20' என்ற தட்டில் பாலாடை போலக் கிருமி, '10', '5' தட்டுகளில் கொஞ்சம் கொஞ்சம். '0' தட்டு துடைத்துவைத்த மாதிரி இருந்தது.

"சார், ஒண்ணு கேட்கலாமா?" என்றாள் அக்கா.

"கேள்வி கேட்கத்தான் நான் இருக்கேன். உன் கை சுத்தமில்ல, அதான். இனிமே ரெண்டு கையுறை போடு."

போட்டாள். இன்னும் மூன்று தடவை செய்தும் அதே கதை. விளக்குதான் மட்டம் என்று இரண்டு மடங்கு வலுவான விளக்கை வரவழைத்தார். இப்போதும் '10' தட்டிலும் '20' தட்டிலும் கிருமி. '0', '5' இரண்டும் சுத்தம். வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிஷம் யோசித்திருப்பார்கள். மேதை யோசிக்கவில்லை, கண்டுபிடித்தார்!

"இந்தக் கிருமி வெளிச்சத்தைத் தின்னுது சார்!" என்று முதலாளி அறைக்குள் ஓடினார். "வெளிச்சம் பட்டா கொழுக்குது, இருட்டுல பட்டினி கிடந்து சாகுது. உலகத்துல யாருக்கும் தெரியாத விஷயம்!"

முதலாளி பெட்டியை மட்டும் விற்கத் தெரிந்தவர். "அப்போ நம்ம பெட்டி?"

"பல்பைக் கழற்றிடுங்க. உள்ளே கும்மிருட்டு. கிருமி தானா செத்துடும். பல்பு செலவும் மிச்சம்!"

மிச்சம் என்ற சொல் முதலாளியின் காதில் தேனாகப் பாய்ந்தது. அன்று மாலைக்குள் முந்நூறு பெட்டியிலும் பல்பைக் கழற்றி, எவனும் எடுத்துத் திரும்ப மாட்டிவிடக்கூடாது என்று ஒன்று விடாமல் உடைத்துப்போட்டார்கள். இந்த லட்சணத்தில், புதுக் கிருமிக்குத் தன் பெயரையே வைக்கப்போவதாக மேதை மனைவிக்குப் போன் செய்து சொன்னார். "கிருமிக்கா?" என்றாள் அவள்.

மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டரம்மா வந்தார். பெட்டியைத் திறந்தார். உள்ளே கையை விட்டுத் துழாவினார்.

"விளக்கு எங்கே?"

"அதுதான் புதுமையே!" மேதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அறிக்கையை நீட்டினார். டாக்டரம்மா படித்தார், அவரை ஏற இறங்கப் பார்த்தார், மறுபடியும் படித்தார்.

"வெயில்ல காயப்போட்டா கிருமி சாகும்னு துணி துவைக்கிறவங்களுக்குக்கூடத் தெரியும். நீங்க தலைகீழா எழுதியிருக்கீங்களே?"

"அஞ்சு தடவை செஞ்சு பார்த்தாச்சு டாக்டர். அஞ்சு தடவையும் இதேதான். தற்செயலா இருந்தா ஒரு தடவையாவது மாறியிருக்கணுமே?"

அந்த வாதத்துக்கு டாக்டரம்மாவே கொஞ்சம் அசந்துவிட்டார். முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மேதை தன் நாற்காலியைத் தடவிக்கொடுத்தார்.

"சரி, உங்க கையாலே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

"நானா? சேச்சே, அதெல்லாம் இந்தம்மா வேலை. ஏம்மா, எப்படிச் செய்வேன்னு டாக்டருக்குச் சொல்லு. சும்மா பயப்படாம சொல்லு!"

இத்தனை நாளில் அவளைப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை. அக்கா இரண்டு ஜோடி கையுறையையும் நிதானமாகக் கழற்றினாள்.

"நாலு மூடியையும் முதல் தட்டுலேருந்து வரிசையாத் திறந்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குவேன் டாக்டர். விளக்கு அணைஞ்சதும் அடுக்குல மேல இருக்கிற கடைசி மூடியிலேருந்து ஒவ்வொண்ணா எடுத்து, மறுபடியும் முதல் தட்டுலேருந்து மூடிக்கிட்டே வருவேன். எல்லாம் ஒரே அளவுதானே, எந்த மூடி எந்தத் தட்டுல இருந்தா என்னன்னு சாரைக் கேட்கத்தான் அன்னைக்கு வாயைத் திறந்தேன்."