தராசு இன்ஸ்பெக்டரின் மசக்கை

தராசு இன்ஸ்பெக்டர் ஜக்காயோ ஒபுரா அந்தக் கல்லைக் கையில் எடுத்திருக்கவே கூடாது.

அது ஓடோவா. மசக்கைக்காரிகள் ஆசையாகக் கடித்துத் தின்னும் மண்கல். ஏரிக்கரைச் சந்தையில் அதைக் கர்ப்பிணி வாங்குவாள். அவளால் வர முடியாவிட்டால் அவள் புருஷன் வாங்குவான். வேறு யாரும் தொடமாட்டார்கள். ஒபுரா தொட்டது, வேர்க்கடலையும் ஓடோவாவும் விற்கும் பெரிஸின் தராசுத் தட்டில் கிடந்த கல். தூக்கிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது. பித்தளைப் படிக்கற்கள் இருக்கும் தோல்பையின் வாரை அவிழ்க்கப் போனார்.

சந்தை மௌனமாயிற்று. அவர் வந்தாலே சந்தை மௌனமாகும். அதை அவர் பல வருடங்களாக மரியாதை என்று நம்பி வந்தார். அதே மரியாதை வீட்டிலும் கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லை.

எதிர்க்கடை மீன்காரி டொர்கா திடீரென்று கையைத் தட்டினாள். "அடியே, ஐயா கல்லு எடுத்துட்டாருடீ! ஐயா, வீட்ல விசேஷமா?"

'இல்லை' என்று சொல்லத்தான் ஒபுரா வாயைத் திறந்தார். ஆனால் சுற்றிலும் அத்தனை முகங்கள் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. இத்தனை வருட உத்தியோகத்தில் அவருக்கு அந்த அனுபவம் வாய்த்ததில்லை.

"ம்" என்றார்.

"எத்தனை மாசம்?"

"மூணு... மூணரை."

"அதானே பார்த்தேன். சட்டைப் பட்டனைக் கம்பி போட்டு முறுக்கி வச்சிருக்கீங்க" என்றாள் கீரைக்காரி ரோஸ்பெல்லா. "பாவம், வீட்டம்மாவால ஊசி கோக்கக்கூட முடியலை போல."

ஒபுரா கல்லுக்குக் காசு கொடுத்து, அதைக் கைக்குட்டையில் பயபக்தியுடன் சுற்றிக்கொண்டார். தோல்பையின் வார் மறுபடி இறுகியது.

"கல்லை மட்டும் குடுத்துட்டு சும்மா இருந்திடாதீங்க. ரத்தத்தை உறிஞ்சிடும்" என்றாள் ரோஸ்பெல்லா. "ஈரல் குடுங்க, பயறு குடுங்க. இந்தாங்க மணத்தக்காளிக் கீரை. வேகவச்சு, பால் ஊத்தி, ராத்திரி முழுக்க ஊற விடுங்க. கசப்பு போயிடும்."

"முட்டை?" என்று கேட்டுவைத்தார் ஒபுரா.

"முட்டையா! பிள்ளை பெருத்துப்போய் வெளிய வராது" என்றாள் டொர்கா.

"உன் தலை. கிளினிக் நர்ஸம்மா தினம் ஒண்ணு சாப்பிடணும்னு சொல்லுது" என்றாள் ரோஸ்பெல்லா.

"நர்ஸம்மாவா வந்து பெத்துக்குடுக்கும்?"

சண்டை முற்றியது. நடுவில் ஒபுரா கீரைக்கட்டோடு நின்றார். தன்னை யாரும் போகச் சொல்லவில்லை என்பதைச் சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தார்.

கீரையை வழியில் எறிந்துவிடலாம் என்றுதான் எண்ணம். எறிந்தும் விட்டார். மறுநாள் காலையில் ரோஸ்பெல்லா மறித்தாள்.

"கீரை சாப்பிட்டாங்களா?"

"சாப்பிட்டா."

"பால் திரிஞ்சுதா?"

ஒபுரா திகைத்தார். பால் திரிய வேண்டுமா, கூடாதா? எடையளவுச் சட்டத்தில் அதற்குப் பிரிவு இல்லை. "லேசா" என்றார்.

"லேசாவா? அப்ப பானையைச் சரியாக் கழுவலை. பிள்ளைத்தாச்சிக்குப் போய் இப்படியா சமைச்சுப் போடுவீங்க?"

பொய் சொல்லி இவர்களிடம் தப்ப முடியாது, சமைத்தே தீரவேண்டும் என்று அன்று முடிவாயிற்று. அதுவரை அவருடைய இரவுச் சாப்பாடு ரொட்டியும் தேநீரும். இப்போது சோளமாவில் உகாலி கிண்டினார். ஒமேனா என்ற பொடிமீன் கருவாட்டை வெந்நீரில் அலசி வெங்காயம் தக்காளியோடு வதக்கினார். கேழ்வரகுக் கூழ் காய்ச்சினார். தகவல் துல்லியமாக இருக்கவேண்டும் என்பதற்காக இரண்டு தட்டு வைத்தார். தன் தட்டைக் காலி செய்துவிட்டு, மரியாதைக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்து, அடுத்த தட்டையும் சாப்பிட்டார். ஒருநாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியா?" என்று கேட்டுவிட்டார். தன் குரலைக் கேட்டுத் தானே கூச்சப்பட்டு எழுந்து ரேடியோவைப் போட்டார்.

பித்தளைப் படிக்கல் ஒன்று கூழ்ப்பானை மூடிக்குப் பாரமாயிற்று. மற்றவை கட்டிலடிக்குப் போயின. தோல்பையில் கீரை வந்துபோயிற்று.

"நாங்க ஒருநாள் வந்து பார்க்கறோம்" என்றாள் டொர்கா.

"வேண்டாம். கிசுமு ஆஸ்பத்திரி டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கார்."

"ஐயோ, படுத்தேவா? அப்ப நான் வந்து கூட இருக்கேன்."

"வேண்டாம், வேண்டாம். மாமியார் வந்திருக்காங்க."

டொர்காவின் கையிலிருந்த மீன் நழுவிக் கீழே விழுந்தது. "மாமியாரா? மருமகன் வீட்லயா தூங்கறாங்க?"

அந்தச் சீமையில் மருமகன் கூரைக்குக் கீழே மாமியார் தலைசாய்ப்பது, பெரியவர்கள் கூடிப் பரிகாரம் தேட வேண்டிய விஷயம். ஒபுரா அவசரமாகத் திருத்தினார். "இல்லை, பக்கத்து வீட்ல."

"பக்கத்து வீட்ல அந்தத் தச்சன் ஒருத்தன்தானே இருக்கான்? பொண்டாட்டி செத்தவன்!"

"தூங்கறதே இல்லை" என்றார் ஒபுரா. "உட்கார்ந்தே இருப்பாங்க."

சாயங்காலத்துக்குள் இன்ஸ்பெக்டரின் மாமியார் உட்கார்ந்தே இருக்கும் செய்தி படகுத்துறைவரை போய்விட்டது. இரவெல்லாம் உட்காருகிறவளுக்கு முதுகு என்னத்துக்காகும் என்று தைலம் வந்தது. கெண்டை மீன் வந்தது. எல்லாம் சாப்பிட்டு ஒபுராவுக்கு வயிறு வைத்தது. ஏழாம் மாதத்தில் பட்டன் கம்பி அறுந்து பெரிஸின் வேர்க்கடலையில் விழுந்தது. சந்தையே சிரித்தது. அவரும் சிரித்தார். பெரிஸ் மட்டும் வழக்கம்போல் ஒன்றும் பேசாமல் கம்பியை எடுத்துக் கொடுத்தாள்.

ஒன்பதாம் மாதம் பிறந்தபோது அவருக்குத் தூக்கம் போயிற்று. பிள்ளை பிறந்தது என்றால் காட்டச் சொல்வார்கள். தவறிவிட்டது என்றால் அழுவார்கள். அதை அவரால் பார்க்க முடியாது. எப்படிச் சொன்னாலும், பால் திரிந்ததா என்று கேட்க இனி உலகத்தில் ஒருவரும் இருக்கப்போவதில்லை.

சந்தைக்குப் போவதை நிறுத்தினார். வாரக் கடைசியில் சந்தையே அவர் வீட்டுக்கு வந்தது, தலையில் பானைகளோடு.

"பிள்ளை எங்கே?" என்றாள் டொர்கா.

ஒபுரா வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். பின்னால் மேஜைமேல் இரண்டு தட்டு. ஜன்னலில் அந்தக் கல்.

"பிள்ளை இல்லை. மனைவியும் இல்லை. எனக்குக் கல்யாணமே ஆகலை."

"உட்கார்ந்தே இருக்கற அம்மா?"

"அவங்களும் இல்லை."

பழைய மௌனத்துக்காகத் தலைகுனிந்து காத்திருந்தார். அது வரவில்லை. ரோஸ்பெல்லா அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்ப் பானை மூடியைத் திறந்தாள். "பரவாயில்லையே, இப்பல்லாம் பால் திரியாம வச்சிருக்காரு!"

"ரெண்டே தட்டா? இத்தனை பேரும் எதுல சாப்பிடறது?" என்றாள் டொர்கா.

"உங்களுக்கு... முன்னாடியே தெரியுமா?"

"பட்டனைக் கம்பியால கட்டின ஆம்பளைக்குப் பொண்டாட்டி இருக்கான்னா எந்தப் பொம்பளை நம்புவா?" என்றாள் ரோஸ்பெல்லா.

ஒபுரா தலை நிமிர்ந்தார். "தெரிஞ்சுமா இத்தனை மாசம்... என்மேல இவ்வளவு பிரியமா?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியிராத பெரிஸ், ஜன்னலிலிருந்த கல்லை எடுத்து, உள்ளங்கையில் கனம் பார்த்து, இடுப்புத் துணியில் முடிந்துகொண்டாள்.

"ரெண்டாவது பிள்ளையை உடனே ஆரம்பிச்சிடுங்க ஐயா, அதுக்கு வேற நல்ல கல்லாத் தரேன், ஒரு கிலோன்னு சொல்லித் தட்டுல வைக்க இதுமாதிரி முக்கால் கிலோக் கல்லு எனக்கு இன்னும் கிடைக்கலை."