ஒத்துப்போன தண்ணீர்

அமல்தாஸ் ஐஸ் பெட்டியைத் திறந்து பார்த்தான். ஐஸ் முழுக்கக் கரைந்திருந்தது. சில்லென்று லேப் போய்ச் சேரவேண்டிய, தேயிலைத் தோட்டத்து ஆற்றில் பிடித்த தண்ணீர் பாட்டில் வெதுவெதுப்பாக மிதந்தது.

மாதாமாதம் ஆற்றுத் தண்ணீர் பிடித்து லேப்பில் கொடுப்பதுதான் அவன் வேலை. லேப் எழுதுவது மேலே போய் நாட்டு ஆறுகளின் அறிக்கையாகும். போன மாதம் அவன் கொடுத்ததைத் திருப்பிவிட்டார்கள்.

“ஆறு இவ்ளோ அழுக்கா இருக்காதுலா. உங்களுக்கு முன்னாடி முருகையா இந்த வேலையில இருந்தப்ப இப்படி வந்ததே இல்ல,” என்றார் லேப் அதிகாரி யுவனேஸ்வரன். “அடுத்த மாசமும் பழைய ரிப்போர்ட்டோட ஒத்து வரலன்னா வேற ஆளப் போட்டுக்கிறேன்.”

ஆபீசில் உட்கார்ந்திருப்பவன் சொன்னபடிதான் ஆறு ஓட வேண்டும். வேறென்ன.

லேப்புக்குப் போகிற வழியில், கம்போங் ராஜா ஊரில் சேக் தாவூத்தின் சாப்பாட்டுக் கடை முன்னால் மோட்டாரை நிறுத்தினான்.

“பாய், கொஞ்சம் ஐஸ் குடுங்க.”

“பெட்டிய உள்ள வை. ஹஃபீசா போட்டுக் குடுப்பா.”

முகம் கழுவிவிட்டு வந்தால், பாட்டில் காலியாக, பளபளவென்று கவிழ்த்து வைத்திருந்தது.

“யாரு தம்பி இதுல சாக்கடையப் புடிச்சு வச்சது?” என்றாள் பாயின் மனைவி ஹஃபீசா. “கொட்டிட்டு எப்பவும்போல சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்.”

“அக்கா, அது ஆறு.”

“ஆறா இருந்தா என்ன, அழுக்கு அழுக்குதானே.”

திரும்பிப் போகவும் முடியாது. அவன் தாண்டி வந்த கையோடு தோட்டத்துப் பாதையில் காய்கறி லோரி கவிழ்ந்து, வழியெல்லாம் முட்டைக்கோசு. லேப் சாத்தும் நேரம் வேறு.

“கொழாய்ல பிடி,” என்றார் சேக் தாவூத், கல்லில் ரொட்டி சானாயைத் திருப்பிப் போட்டபடி.

பிடித்தான். கண்ணாடி மாதிரி இருந்தது. மேலே சோப்பு நுரை.

“இத ஆறுன்னா பச்சப்புள்ளகூட நம்பாது, பாய்.”

“வாசல் பூச்சட்டியில ஒரு சிட்டிகை மண்ணு எடு.”

அவசரத்தில் ஒரு பிடியே விழுந்தது. தண்ணீர் குழம்பாகிவிட்டது.

“தேத்தண்ணி வடிகட்டியில ஊத்து.”

ஊற்றினான். மண் பாதி நின்றது, தேயிலைச் சாயம் முழுசாக இறங்கியது. நுரை அப்படியே இருந்தது. அமல்தாஸ் சிலுவை போட்டுக்கொண்டு மோட்டாரை உதைத்தான்.

மறுவாரம் யுவனேஸ்வரன் கூப்பிட்டனுப்பினார். அமல்தாஸ் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான்.

“இப்பதான் சரியான எடத்துல பிடிச்சிருக்கீங்க,” என்றார் அவர். “மண்ணு, சாயம், சோப்பு எல்லாம் முருகையா காலத்து ரிப்போர்ட் மாதிரியே இருக்கு. ஆறு நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன்.”

வேலை தப்பியது. ஆனாலும் மண்டை குடைந்தது. நேரே கடைக்குப் போனான்.

“ஒரு சொட்டுகூட ஆத்துத் தண்ணி இல்ல. அது எப்படி பாய் அப்படியே ஒத்துப்போவும்?”

சேக் தாவூத் கல்லிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

“முருகையா என்னைக்கு தம்பி ஆத்துப் பக்கம் போனாரு? அவரு பாட்டிலையும் ஹஃபீசாதான் கழுவுவா, இதே கொழாய், இதே பூச்சட்டி, இதே வடிகட்டிதான்.”