நாத்தனாரின் விண்ணப்பமும் என் கம்ப்யூட்டர் ஞானமும்

"எனக்குத் தெரியவில்லை" என்று சொல்வது கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான காரியம். அதற்குப் பதிலாகச் சொல்ல எங்களிடம் நிறைய வார்த்தைகள் இருக்கின்றன. சர்வர் பிஸி. லைன் ஸ்லோ. கேஷ் பிரச்சினை. வைரஸாக இருக்கலாம். இந்த நான்கையும் நான் ஒரே மத்தியானத்தில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி சொல்லியிருக்கிறேன். நான்குமே தப்பு. அதுவும் மாமனார் வீட்டில். (பிறந்த வீடாக இருந்திருந்தால் இந்நேரம் மறந்திருப்பார்கள்.)

திருச்சியில் பிறந்து காரைக்குடிக்கு வாழ்க்கைப்பட்டு அப்போது இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மாமனாரும் என் வீட்டுக்காரரும் தச்சு வேலை பார்ப்பவர்கள். கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றுகிறவர்களுக்குக் கதவு, ஜன்னல், உத்தரம் எல்லாம் செப்பனிட்டுக் கொடுப்பார்கள். அரை இஞ்ச் பிசகினாலும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுகிற அந்தக் குடும்பத்தில், கண்ணுக்குத் தெரியாத விஷயங்களுக்கு நான்தான் அதிகாரி. டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டால் என்னிடம் வரும். கேஸ் சிலிண்டர் பதிவாகாவிட்டால் என்னிடம் வரும். மிக்ஸியில் புகை வந்தபோதுகூட அத்தை என்னைத்தான் கூப்பிட்டார். நானும் போய்க் குனிந்து பார்த்து, "ஓவர்லோடு" என்றேன்.

என் நாத்தனார் கற்பகம் பக்கத்துத் தெருவில் குடியிருந்தாள். பத்தாவது வரை படித்தவள். அதற்கப்புறம் தையல் படித்துச் சான்றிதழ் வாங்கி, பஸ் ஸ்டாண்டு போகும் வழியில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருந்தாள். கல்யாண முகூர்த்த நாள்களில் அவளிடம் ஜாக்கெட் தைத்து வாங்குவதற்குள் கல்யாணப் பெண்ணுக்கே குழந்தை பிறந்துவிடும் என்பார்கள். அவ்வளவு கூட்டம். அப்படிப்பட்டவளுக்கு ஓர் அரசுப் பயிற்சி நிலையத்தில் தையல் பயிற்றுநர் வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று தெரியவந்தது. படிப்பு சரி, சான்றிதழ் சரி, அனுபவமும் சரி. வயது மட்டும் விளிம்பில் நின்றது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் விண்ணப்பிக்கவே முடியாது.

போன வாரமே எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில், நான் பக்கத்தில் இருந்து உதவ, பெயரைப் பதிந்து பாதி விவரங்களை ஏற்றிவிட்டாள். அனுபவச் சான்றிதழில் கையெழுத்து வாங்குவது மட்டும் கடைசி நாள் காலை வரை இழுத்துவிட்டது. அதை வாங்கிக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு, மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தாள். மாலை ஐந்து மணியோடு விண்ணப்பம் முடிகிறது.

"மூணு மணி நேரம் இருக்கு கற்பகம். எனக்குப் பத்து நிமிஷம் போதும்" என்றேன். (இதை எழுதும்போதே கை கூசுகிறது.)

முகவரியைத் தட்டினேன். பக்கம் வரவில்லை. சிவப்பு முக்கோணத்தோடு வேறு ஏதோ ஒரு பக்கம் வந்தது. அதில் பெரிய எழுத்தில் ஒரு வரி, சின்ன எழுத்தில் நாலைந்து வரி. அந்த மாதிரிப் பக்கங்களை நான் ஆயிரம் பார்த்திருக்கிறேன். படிக்காமலே மூடினேன். மறுபடி தட்டினேன். மறுபடி முக்கோணம். மறுபடி மூடினேன்.

"சர்வர் பிஸி. கடைசி நாள் இல்லையா, எல்லாரும் ஒரே நேரத்துல உள்ள போயிருப்பாங்க" என்றேன்.

"அப்படியா மதினி" என்று கற்பகம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கையில் சான்றிதழ் மடங்காமல் இருக்க ஓர் அட்டை. முகத்தில் கலவரம் இல்லை. என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அரை மணி நேரம் கழித்தும் அதே முக்கோணம். மற்ற பக்கங்கள் சிலது திறந்தன, சிலது திறக்கவில்லை. உடனே "லைன் ஸ்லோ" என்று இரண்டாவது தீர்ப்பை வழங்கினேன். மோடத்தை அணைத்து, இருபது எண்ணி, மறுபடி போட்டேன். அத்தை அதன் மேல் போட்டிருந்த பூ வேலை செய்த துணியை எடுத்துவிட்டு, "காத்து வாங்கட்டும்" என்றார். ஒன்றும் நடக்கவில்லை.

மாமனார் எட்டிப் பார்த்தார். "என்ன ஆத்தா, வயரை எதுவும் குரங்கு கடிச்சிருக்குமா? போன மாசம் அங்குட்டு நாலு வீட்டு வயரைக் கடிச்சுப் போட்டுருச்சுக."

வெளியே இருக்கிற ஒரு ஜீவன் மேல் பழியைப் போட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? "இருக்கலாம் மாமா" என்றேன். ஐந்தாவது நிமிஷம் என் வீட்டுக்காரர் ஏணி வைத்து மொட்டை மாடிக்கு மேலே ஏறியிருந்தார். நான் இணைய கம்பெனிக்குப் போன் போட்டேன். பாவம், பக்கத்தில்தான் எங்கோ இருந்திருக்கிறார், லைன்மேன் சீக்கிரமே வந்துவிட்டார். கருவியை மாட்டிப் பார்த்துவிட்டு, "லைன் சுத்தமா இருக்கு மேடம்" என்றார்.

நான் விடவில்லை. தகவல் எப்படிப் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது, வழியில் எங்கே சிக்கலாம் என்று அவருக்குப் பாடம் எடுத்தேன். பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நான் வயரு மட்டுந்தான் பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மணி மூன்றரை. வேறொரு பிரவுசரைத் திறந்தேன். அதிலும் எச்சரிக்கைப் பக்கம்தான், நிறம் மட்டும் வேறு. அடுத்து, "கேஷ் பிரச்சினை. பழைய குப்பையெல்லாம் சேர்ந்து வழியை அடைச்சிருக்கு" என்று மூன்றாவது தீர்ப்பு. சேமித்து வைத்திருந்த எல்லாவற்றையும் ஒரே அமுக்கில் அழித்தேன். அழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது, கற்பகம் போன வாரம் போட்ட பாஸ்வேர்டையும் பிரவுசர்தான் சேமித்து வைத்திருந்தது.

மெதுவாகச் சொன்னேன். கற்பகம் பையிலிருந்து அளவு நோட்டை எடுத்தாள். யாரோ ஒருவருடைய தோள்பட்டை அளவுக்கும் கை நீளத்துக்கும் நடுவில், சாய்வாகப் பாஸ்வேர்டு எழுதியிருந்தது.

"மெஷினை நம்பி எதையும் விடுறதில்ல மதினி" என்றாள். குத்தலாக அல்ல, சும்மா தகவலாகத்தான் சொன்னாள்.

அப்போதாவது நான் எழுந்து அந்த நாற்காலியை அவளுக்குக் கொடுத்திருக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை.

"போன்ல திறந்து பாக்கவா மதினி?"

"போன்ல இதெல்லாம் சரியா வராது கற்பகம்."

"வைரஸாகூட இருக்கலாம்" என்று நான்காவது தீர்ப்பையும் சொல்லிவிட்டு நான் அந்த ஆராய்ச்சியில் மூழ்கியிருந்தபோது அவள் சத்தமில்லாமல் போனில் முயன்று பார்த்திருக்கிறாள்.

"மதினி, எம் போன்ல வருதே. உள்ளுக்கயும் போயிட்டேன். கையெழுத்துப் படத்தை ஏத்துற பொத்தான் மட்டும் அமுங்க மாட்டேங்குது. ஆனா பக்கம் நல்லாத்தான் இருக்கு."

"அது... போன்ல பழசு ஏதாவது சேமிச்சு வச்சிருக்கும்" என்றேன். என்ன உளறுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

மணி நான்கு தாண்டிவிட்டது. மாடியிலிருந்து, "குரங்கு எதையும் கடிக்கல" என்று என் வீட்டுக்காரரின் குரல் வந்தது. அத்தை பிள்ளையார்பட்டி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு, வேலை கிடைத்தால் கொழுக்கட்டை செய்து வைப்பதாக வேண்டிக்கொண்டார். எனக்கு மூளை மரத்துப்போய்விட்டது. கம்ப்யூட்டர்காரர்களின் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. அதை எடுத்தேன்.

"மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசா போட்டுரலாம். ஃபார்மட்."

கற்பகம் முதல் முறையாக என் கையைப் பிடித்தாள். அவளுடைய சான்றிதழ் நகல்கள், புகைப்படம், கையெழுத்து எல்லாம் அந்தக் கம்ப்யூட்டருக்குள்தான் இருந்தன.

"மதினி, கொஞ்சம் இருங்க. தையல் விட்டு விட்டு விழுந்துச்சுன்னா நான் மொதல்ல ஊசியை மாத்துவேன். அப்புறம் நூலை. அப்புறம் துணியை மாத்திப் பாப்பேன். மெஷினைக் கழட்டுறது கடைசில. எம் போன்லயும் உங்க வீட்டு நெட்டுதான் ஓடுது. அதுல வருது. அப்ப வெப்சைட்டும் நல்லாருக்கு, லைனும் நல்லாருக்கு. கோளாறு இங்குட்டுத்தான் இருக்கு, இந்தப் பொட்டிக்குள்ள."

நான் மூன்றாம் வருஷ மாணவர்களுக்கு இதே விஷயத்தை நாற்பது நிமிஷம் படம் போட்டு விளக்குவேன். அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

"அந்த முக்கோணம் திருப்பி வரட்டும். மூடாதீக. அதுல என்னமோ எழுதியிருக்கே."

"அது சும்மா, எப்பவும் வர்றதுதான்."

"எழுதியிருக்குல்ல மதினி. படிச்சுருவோம்."

பக்கம் வந்தது. கற்பகம் முன்னால் குனிந்து, திரையில் விரல் வைத்து, ஊசியில் நூல் கோர்க்கிற நிதானத்தோடு எழுத்துக்கூட்டினாள்.

"யு...வர். க்ளாக். இஸ். பி...ஹை...ண்ட்." நிமிர்ந்தாள். "க்ளாக்குன்னா கடிகாரம். பிஹைண்டுன்னா பின்னாடிதான மதினி? கடிகாரம் பின்னாடி போகுதுங்குது."

நான் சிரித்தேன். ஆமாம், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெரிய மனுஷச் சிரிப்பு சிரித்தேன். திரையின் மூலையைக் காட்டி, "மணி சரியாத்தானே இருக்கு பாரு. நாலு பதினெட்டு" என்றேன்.

அவளும் பார்த்தாள். அப்புறம் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"மணி சரி மதினி. மாசம்?"

நான் பார்த்தேன்.

"நாம ஆவணிக்கு வந்தாச்சு. இது இன்னும் ஜூலையிலயே உக்காந்திருக்கே."

நடந்தது இதுதான். பாதுகாப்பான ஒவ்வொரு இணையப் பக்கத்துக்கும் பாஸ்போர்ட் மாதிரி ஒரு சான்றிதழ் உண்டு. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை செல்லும் என்று அதில் இருக்கும். விண்ணப்பப் பக்கத்துக்காரர்கள் போன வாரம்தான் அதைப் புதுப்பித்திருக்கிறார்கள். எங்கள் கம்ப்யூட்டரோ போன மாசத்தில் இருந்தது. அதன் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் உள்ளே விட மறுத்தது. காரணத்தையும் முதல் நிமிஷத்திலிருந்தே பெரிய எழுத்தில், நல்ல ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது. (பாஸ்போர்ட் உதாரணம் என்னுடையதுதான். அந்த வாரம் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னது.)

தேதி எப்படிப் பின்னால் போனது? மறுபடியும் என் வாய் முந்திக்கொண்டது.

"உள்ள ஒரு பேட்டரி இருக்கும். அது வீக்காயிருக்கும்."

அந்த நேரம் பார்த்து மேலெல்லாம் ஒட்டடையோடு என் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். "தேதியா? முந்தாநேத்து நீதான மாத்துன? அந்தப் போட்டோ சாப்ட்வேர் ஓசிக் காலம் முடிஞ்சுபோச்சு, தேதியைப் பின்னாடி தள்ளுனா ஏமாந்து வேலை செய்யும்னு சொன்னியே?"

மாமனார் காதுக்கு மேல் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி செருகிக்கொண்டார். நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கற்பகம்தான் முதலில் பேசினாள். "அட, அது கெடக்கட்டும். மாசத்தை மாத்துங்க மதினி, மணியாகுது."

மாற்றினேன். பக்கம் ஒரே சொடுக்கில் திறந்தது. நானாகவே எழுந்து நாற்காலியைக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து, நோட்டைப் பார்த்துப் பாஸ்வேர்டைப் போட்டாள். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்தாள். கையிலிருந்த சான்றிதழைப் போனில் படமெடுத்து ஏற்றினாள். நான் பின்னால் நின்று, "சீக்கிரம், சீக்கிரம்" என்று பதறினேன். "துணியை வெட்டுற வரைக்கும் அவசரப்படக் கூடாது மதினி" என்று சொல்லிவிட்டு, ஆரம்பத்திலிருந்து இன்னொரு தரம் படித்தாள். பிறந்த தேதியில் போன வாரம் நான் தட்டிய ஒரு தப்பு அப்போதுதான் அகப்பட்டது. அதையும் திருத்தினாள். (அந்தத் தப்போடு போயிருந்தால் அவளுக்கு வயது பன்னிரண்டு.) ஐந்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது விண்ணப்ப எண் வந்தது. அதையும் அளவு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வாசல்வரை கூடப் போய், "கற்பகம், ரொம்ப மன்னிச்சுக்க. உன் வாழ்க்கையையே கெடுத்திருப்பேன்" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"நீங்க இல்லைன்னா இந்தப் பொட்டியே இந்த வீட்டுக்கு வந்திருக்காது. யாரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நான் போன வாரம் ரிஜிஸ்டர் பண்ணுனேன்? சொல்லித் தந்தது யாரு?" என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "எனக்கு எல்லா வார்த்தையும் தெரியாது மதினி. அதனாலதான் ஒவ்வொண்ணா படிக்கிறேன். உங்களுக்கு எல்லாம் தெரியும், அதான் தாண்டிப் போயிட்டீக."

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் இவ்வளவு மரியாதையாகத் திட்டியதில்லை.

கற்பகத்துக்கு வேலை கிடைத்தது. இப்போது அவளிடம் படித்த பெண்கள் ஊரெல்லாம் கடை வைத்திருக்கிறார்கள். நான் என் ஆய்வகத்தில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: திரையில் என்ன பிழை வந்தாலும், கையைத் தூக்குவதற்கு முன் அதை வாய்விட்டுப் படிக்க வேண்டும். மாணவர்கள் சிரிக்கிறார்கள். காரணத்தை நான் சொல்லவில்லை.

மாமனாருக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திவைத்து, முன்பின் தெரியாதவர்களுக்கும் அறிமுகம் செய்வார்.

"இது எங்க மருமக. காலேஜுல கம்ப்யூட்டரு சொல்லிக் குடுக்குது. இது எங்க மக. எங்க மருமகளுக்குச் சொல்லிக் குடுத்துச்சு."

கேட்டவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நானும் கும்பிட்டு, "ஆமாங்க, உண்மைதான்" என்பேன்.