செத்தவீட்டு விலையில் ஒரு கல்யாணக் காட்

அச்சகத்தில் ஒரு வேலைக்கு ஒரே விலைதான் இருக்கும் என்று நம்புகிறவர்கள் அச்சகத்தில் வேலை செய்யாதவர்கள். நானும் அப்படி நம்பிக்கொண்டுதான் திருகோணமலை உள்துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் எங்கள் அச்சகத்தில் சேர்ந்தேன். நேர்முகத்தில் முதலாளி செபரத்தினம் ஐயா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பிள்ளைக்கு சொப்ட்வெயார் தெரியுமோ?"

எந்த சொப்ட்வெயார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "ஓம்" என்றேன். (அந்த ஒரு ஓமுக்காகத்தான் இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறேன்.)

அதுவரை விலைகளெல்லாம் ஐயாவின் தலைக்குள் இருந்தன. ஆள் படியேறி வரும்போதே முகத்தைப் பார்த்து விலையை முடிவு செய்துவிடுவார். பிரஷர் கூடி, தலைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லி டொக்டர் சொன்ன பிறகு, கொழும்பில் ஒரு மென்பொருளை வாங்கினார். காகிதம், மை, நிறம், கட்டுதல் எல்லாவற்றையும் போட்டால் அதுவே கணக்குப் பார்த்து, விலைக் கொட்டேசன் எழுதி, வட்ஸ்அப்பிலும் அனுப்பிவிடும். யார் யாருக்கு என்ன விலை என்ற விதிகளை மட்டும் நாங்கள் அதற்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

நாங்கள் என்றால் நான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐயா கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். நான் தட்டச்சுச் செய்வேன். துறைமுகத்துப் பக்கமிருந்து வருகிற காற்றும் அந்த நேரம் பார்த்து நின்றுவிடும்.

"கிண்ணியா அரிசி ஆலை ஹாஜியாருக்கு முதல் கூட்டிச் சொல்லவேணும். பேரம் பேசாட்டி அவருக்குச் சாப்பாடு செமிக்காது. பிறகு குறைக்கவேணும்."

"ஐயா, இதில 'பிறகு' எண்டு போட இடமில்லை."

"இடமில்லாட்டி உண்டாக்கு. மாதா கோயில் பங்குச் சுவாமிக்கு விலையே சொல்லக்கூடாது. அவர் தாறதை வாங்குறது."

"அதை எப்பிடி ஐயா போடுறது?"

"அதுக்குத்தானே பிள்ளை உன்னை எடுத்தனான்."

இப்படியே கிழமைக்கணக்கில் போயிற்று. சொந்தக்காரருக்கு ஒரு விலை, சொந்தக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு வேறொரு விலை. ஒருநாள் ஐயா கண்ணைத் திறந்து, நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செத்தவீட்டுக்காரரிட்ட லாபம் பார்க்கக்கூடாது. காகிதக் காசு மட்டும் போடு. கீழ ஒரு ஆறுதல் வார்த்தையும் வரவேணும்."

எனக்கு அது பிடித்துப் போனது. நல்ல மனுசன் என்று நினைத்தேன். ஆறுதல் வார்த்தையை நானே எழுதினேன்: "தங்கள் ஈடுசெய்ய முடியாத இழப்பில் நாமும் பங்குகொள்கிறோம். அன்னாரின் ஆத்மா சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம்." பிறகு பழைய வேலைகளைத் தேடிப் பார்த்து, மரண அறிவித்தலோ முப்பத்தோராம் நாள் நினைவு மலரோ அடித்தவர்கள் எல்லாரையும் அந்த விதிக்குள் சேர்த்துவிட்டேன். விதியை வேலையோடும் கட்டலாம், ஆளோடும் கட்டலாம் என்று கொழும்புக்காரர் தொலைபேசியில் சொல்லித்தான் இருந்தார். நான் ஆளோடு கட்டினேன். துக்கம் வேலைக்கு உரியது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. அந்த வாடிக்கையாளர்களை ஆயுளுக்கும் துக்கத்தில் இருத்திவிட்டு, தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

அந்த வருடம்தான் என் அக்கா வாசுகிக்குச் சம்பந்தம் சரிவந்தது. மாப்பிள்ளை சுதாகரன், சீனன்குடாவில் எலெக்ட்ரீசியன். தகப்பனுக்கு கிளிவெட்டியில் வயல். அவரை நாங்கள் மாமா என்போம். தங்கள் பக்கத்துக் கல்யாணக் காட்டுக்கு, அதாவது அழைப்பிதழுக்கு, விலை கேட்டு மாமா எனக்கே செய்தி அனுப்பினார். எங்கள் வீட்டுப் பிள்ளையின் கெட்டித்தனத்தைச் சம்பந்தி வீட்டுக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்று நினைத்தேன். விவரங்களைப் போட்டு, திறந்துகூடப் பார்க்காமல் அனுப்பினேன். செய்தி வந்து தேத்தண்ணி ஆறுவதற்குள் பதில் போய்விட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன் மாமா தன் தமையனாரின் நினைவு மலரை எங்களிடம்தான் அடித்திருந்தார். நான் அந்த விதிக்குள் சேர்த்தவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குத் தெரியாது. மென்பொருளுக்குத் தெரியும்.

கல்யாணத்துக்கு நாள் குறிக்க அன்றைக்கு அவர்கள் வீட்டில் சொந்தக்காரர் கூடியிருந்தார்கள். மாமாவுக்குக் கண்ணாடி கைக்கு அகப்படவில்லை. தங்கை பூமணி மாமியிடம் போனைக் கொடுத்து, உரத்து வாசிக்கச் சொன்னார். மாமி நல்ல குரல்காரி. திருமண அழைப்பிதழ், பொன் அச்சு, பிள்ளையார் படம், கடித உறை என்று வாசித்துக்கொண்டே போய், அதே குரலில் அன்னாரின் ஆத்மா சாந்தியடையவும் பிரார்த்தித்துவிட்டார்.

மாமாவிடமிருந்து அப்பாவுக்கு வந்த அழைப்பு சுருக்கமானது. "எங்கட பொடியன் எப்ப செத்தவன் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நாங்களும் அழவேணுமே."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்தநாள் அப்பா, ஐயா, நான் மூவரும் வான் பிடித்துப் போனோம். கிண்ணியாப் பாலம், மூதூர் எல்லாம் தாண்டி கிளிவெட்டியில் இறங்கினோம். அங்கே கதிரை தந்தார்கள். தேத்தண்ணி வரவில்லை. ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு, "பிள்ளை விளங்கப்படுத்தும்" என்று என் பக்கம் கையைக் காட்டினார்.

ஒரு விதியை ஆளோடு கட்டுவதற்கும் வேலையோடு கட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தை, கல்யாணம் குழம்புகிற நிலையில் இருக்கும் ஒரு வீட்டின் நடுவில் இருந்து நான் விளங்கப்படுத்தினேன். பூமணி மாமி கடைசிவரைக்கும் கேட்டார்.

"அப்ப, இனி எங்கட வீட்டில பிள்ளை பிறந்தாலும் உங்கட மெசினுக்கு அது செத்தவீடோ?"

யோசித்துப் பார்த்தேன். "ஓம் மாமி" என்றேன்.

அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"இது சகுனம் அண்ணை" என்றார் மாமி, மாமாவைப் பார்த்து. "எழுத்திலேயே வந்திட்டுது. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

குசினி வாசலில் இடியப்பக் கோப்பையோடு நின்ற சுதாகரன் அப்போதுதான் வாய் திறந்தான். "மாமி, நான் சாகேல்ல. சாப்பிட்டுக்கொண்டுதான் நிக்கிறன். நான் வாசுகியைத்தான் கட்டுறது."

மாமி ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். கண்ணாடியைப் போட்டு, போனைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இந்த விலை சரியோ?"

ஐயா எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் வாடியது. "அது செத்தவீட்டு விலை. லாபமில்லாமல் போட்டது."

"மூதூரில கேட்டனான். இதைவிட எவ்வளவோ கூடச் சொன்னவங்கள்." மாமா போனை மடியில் வைத்தார். "விலை அப்பிடியே இருக்கட்டும். கடைசி ரெண்டு வரியை மட்டும் எடுத்துவிடுங்கோ. பூமணி, தேத்தண்ணி வை."

திரும்பி வரும் வழியில் ஐயா பாலத்தடியில்தான் கதைத்தார். "பிள்ளை, இந்தக் கல்யாணக் காட்டில எங்களுக்குக் காகிதக் காசு மட்டும்தான் வரும்."

"ஓம் ஐயா."

"எல்லாரையும் வெளியில எடு."

எடுத்தேன். ஒவ்வொருவராகத் துக்கத்திலிருந்து வெளியே எடுத்து முடிய மாரி மழை தொடங்கிவிட்டது. இப்போதும் அந்த மென்பொருளோடுதான் மாரடிக்கிறேன். ஹாஜியாருக்கு 'பிறகு' என்பதற்கு இன்னும் இடம் கிடைக்கவில்லை.

கல்யாணம் நன்றாக நடந்தது. ஆனால் அத்தானை அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மரண அறிவித்தலில் செத்தவரைச் சொல்வதுபோல, அவர் அன்னார். "அன்னார் எழும்பிட்டாரோ?" "அன்னாருக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ." அவருடைய பிள்ளைகளுக்கும் அதுதான் பழக்கம்.

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மின்விசிறி பழுதென்று யாரோ ஒருவர் கேற்றடியில் வந்து நின்று, அத்தான் இருக்கிறாரோ என்று கேட்டார்.

குசினிக்குள் இருந்தபடியே அக்கா சொன்னாள்: "அன்னாரை இப்பதான் குளிக்க விட்டனாங்கள். கொஞ்சம் இருங்கோ."

வந்தவர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, மெதுவாக நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். மென்பொருளிலிருந்து தொடங்கி அவருக்கு விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை. கதிரையைக் காட்டினேன்.