கலவரத்தைக் கியூவில் நிறுத்தியவர்

இந்த நாட்டில் கலவரத்தைக் கியூவில் நிற்க வைத்த ஒரே மனிதர் போலிம் மாமாதான். பொலிஸ் கண்ணீர்ப்புகை அடித்துப் பார்த்தது. அரசாங்கம் ஊரடங்கு போட்டுப் பார்த்தது. மாமாவின் கையில் இருந்ததோ ஒரு பிளாஸ்டிக் விசில்.

றக்வானைப் பக்கம், பெயர் சொன்னாலும் பலருக்குத் தெரியாத சின்ன டவுன் அது. ஒரே ஒரு வங்கி. அதன் வாசலில் மாமா செக்யூரிட்டி. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு முஸ்லிம் நானாவின் ஹோட்டல். அங்கே நான் கொத்து ரொட்டி போட்டேன். அதற்கு முன் இரத்தினபுரியில் மாணிக்கக் குழியில் தண்ணீர் இறைத்தேன். அதற்கும் முன் லொறி கிளீனர். பள்ளிக்கூடம் என்னைப் பாதியில் விட்டதா, நான் அதை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. எந்த ஊரிலும் நிலைக்காத நான் அந்த டவுனில் மட்டும் தங்கிப்போனதற்குக் காரணம், ரொட்டிக் கல் முன்னால் நின்றபடியே மாமாவை இலவசமாகப் பார்க்கலாம் என்பதுதான்.

‘போலிம்’ என்பது கியூவுக்குச் சிங்களத்தில் சொல்வது. மாமாவின் வாயில் வேறு சொல் வராது. சொந்தப் பெயர் என்னவென்று அவரே யோசித்துத்தான் சொல்வார். தலையை விடத் தொப்பி பெரிது. அது கண்ணை மறைத்தாலும் இடையில் புகுகிறவன் எப்படியோ தெரிந்துவிடுவான்.

கொழும்பிலிருந்து மாற்றலாகி வந்த தமிழ் மேனேஜர், முதல் நாள் கொஞ்சம் பிந்தி, டையும் பையுமாக நேரே படியேறினார். விசில்.

“எங்க போறீங்க? கடைசில போய் நில்லுங்க.”

“நான் புது மேனேஜர்.”

“இருக்கட்டும் சார். முன்னுக்கு நிக்கிறது பழைய ஆத்தா. விடியிறதுக்கு முந்தியே வந்துருச்சு.”

மேனேஜர் போய் நின்றார். அவருக்கு முன்னால் ஒரு தெருநாய் படுத்திருந்தது. கியூ நகர்ந்தபோதெல்லாம் அதுவும் எழுந்து ஓர் அடி நகர்ந்து படுத்தது. “நாயையுமா விடுறீங்க?” என்று கேட்டாராம். “ஒழுங்கா நகருதே சார். ஒருத்தரயும் இடிக்கலியே” என்றார் மாமா.

மாமாவின் மனைவி இறந்தபோது தேயிலைத் தோட்டத்து மயானத்துக்கு நானும் போயிருந்தேன். பிடி மண் போட எல்லோரும் குழியைச் சுற்றி நெருக்கினார்கள். அழுதுகொண்டிருந்த மாமா அப்படியே விசிலை எடுத்து ஊதினார். “போலிம்ல வாங்க! அவ எங்கயும் ஓடிற மாட்டா!” சொன்னதும் மறுபடி அழத் தொடங்கினார். நாங்கள் வரிசையில் நின்று மண் போட்டோம். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை.

இந்தக் கிறுக்கு எங்கே பிடித்தது என்று ஒரு மழை நாளில் கேட்டேன். பிளேன்டீயை ஊதிக்கொண்டே சொன்னார்.

“அந்தக் காலத்துல ஒரு கலவரம் வந்துச்சு. பேங்க்க மூடப் போறாங்கன்னு ஒரு பேச்சு. இருக்குறத எடுத்துறணும்னு தோட்டமே இங்கன ஓடியாந்துச்சு. எங்கம்மாவும் வந்தா. அந்தா, அந்தப் படியில விழுந்தா. எந்திரிக்கல.”

“கலவரக்காரனுங்களா?”

“அவனுங்க மறுநாள்தான் வந்தானுங்க. அவள மிதிச்சது நம்ம ஆளுங்க கால்தான்டா, ரொட்டி. எல்லாம் தெரிஞ்ச காலு.”

ரொட்டி என்பது நான். அவர் டீயைக் குடித்து முடித்துவிட்டு அந்தப் படிக்கே போய் நின்றுகொண்டார்.

பிறகுதான் எண்ணெய் இல்லாத அந்த வருஷம் வந்தது. பெட்ரோலுக்குக் கியூ, மண்ணெண்ணெய்க்குக் கியூ, காஸுக்குக் கியூ. நாடு முழுவதும் மாமாவின் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது போல இருந்தது. கூட்டத்தைக் கண்டால் சனங்கள் முதலில் கடைசியில் போய் நிற்பார்கள். எதற்கு என்று பிறகுதான் கேட்பார்கள். வீட்டுக்குப் போய் வர வேண்டியவர்கள் ஒரு கேனையோ கல்லையோ தங்கள் இடத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கல்லை ஒருவரும் தொட மாட்டார்கள். ஒருநாள் தொட்டவனுக்குப் பல் போனது.

கரண்ட் இல்லாத டவுனில் வங்கியின் ஜெனரேட்டர் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அதுதான் வினை. ஒரு காலை நேரம், பெட்ரோல் ஷெட்டில் அடிதடி நடந்து ஆட்கள் வெறுங்கேனோடு திரும்பி வந்தார்கள். எவனோ கத்தினான்: “பேங்க்ல டீசல் ஒளிச்சி வச்சிருக்கானுங்க!” அவ்வளவுதான். முதல் கல்லுக்குக் கண்ணாடி போனது. ரோட்டில் ஒரு டயர் எரிந்தது.

உள்ளே மாதக் கொடுப்பனவு எடுக்க வந்த தோட்டத்து வயசாளிகள் நிறைந்திருந்தார்கள். மேனேஜர் ஷட்டரை இழுத்துவிட்டார். இழுத்த பிறகுதான் தெரிந்தது, மாமா வெளியே.

“மாமா, உள்ளுக்கு வந்துருங்க! கொஞ்சம் தூக்குறேன்!”

“தூக்காதீங்க சார்! வயசாளிகள பின்கதவால அனுப்புங்க. ஒவ்வொருத்தரா! யாரையும் ஓட விடாதீங்க!”

பின்கதவுக்கு வெளியே ஒரு ஒடுங்கிய முடுக்கு. அதற்குள் ஆழமான சாக்கடைக் காண். காணின் மேல் ஒற்றைப் பலகை. அந்த வயசாளிக் கூட்டம் பயந்து ஓடினால் என்ன ஆகும் என்று மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என்னைப் பார்த்துக் கத்தினார்: “டேய் ரொட்டி, பலகையப் புடிடா!”

நான் நகர்வதற்குள் அவர் விசிலை ஊதினார். “போலிமட்ட! போலிமட்ட!” என்று கியூவுக்கு வரச் சொன்னார். முன்னால் நின்ற பொடியன்கள் சிரித்தார்கள். ஆனால் பின்னால், அப்போதுதான் கேனோடு வந்து சேர்ந்த பெண்கள் ஒன்றும் கேட்கவில்லை. சுவரோரமாகக் கேன்களை வைத்து வரிசையாக நின்றார்கள். அதைப் பார்த்த ஆண்கள், இடம் போய்விடும் என்று ஓடி வந்தார்கள். வரிசை நீள நீள முன்னால் நின்றவர்களுக்கும் பயம் பிடித்துவிட்டது. “நான்தான் முந்தி வந்தேன், கண்ணாடி ஒடச்சதே நான்தான்!” என்று ஒருவன் உரிமை கேட்டான். “சாட்சி இருக்கா?” என்றார் மாமா. எறிய வைத்திருந்த கல்லை இன்னொருவன் தரையில் வைத்தான். “மாமா, இது என் எடம். கேன் எடுத்துட்டு வந்துர்றேன்.”

“போயிட்டு வா. நான் பாத்துக்கிறேன்.”

நான் முடுக்குக்குப் போனேன். நானா பலகையின் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். “ஓடாதீங்கம்மா, கையப் புடிங்க, அல்லாவே, மெல்ல!” என்று நானா ஒவ்வொருவராக வாங்கிப் பள்ளிவாசல் முற்றத்துக்கு அனுப்பினார். காது கேட்காத ஒரு ஆத்தா, பலகையின் நடுவில் நின்று, “பேங்க்குக்கு இன்னிக்கி ஏன் இந்த வழி?” என்று நிதானமாகக் கேட்டாள். முன்பக்கம் விசில் ஊதிக்கொண்டே இருந்தது. கடைசியாக மேனேஜர் வந்தார்.

அப்போது ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது. அவ்வளவுதான் டீசல்.

அந்த அமைதியில் கியூவுக்கு விஷயம் விளங்கியது. கல்லையும் தீயையும் யார் எறிந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நான் முன்னால் ஓடி வந்தபோது வங்கியின் வாசல் எரிந்துகொண்டிருந்தது. மாமா அந்தப் படியில் கிடந்தார், காதுக்கு மேலே கிழிந்து.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் கேட்டார்: “யாராச்சும் விழுந்தாங்களா?”

“ஒருத்தரும் விழல மாமா.”

“அந்தச் செவிட்டு ஆத்தா?”

“அவங்களுந்தான்.”

கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே, “இந்த வார்டுல டீக்கு எல்லாரும் முண்டுறானுங்க, பாத்தியா?” என்றார்.

வங்கிக்கு மூன்று மொழிகளிலும் ‘தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது’ என்று பலகை மாட்டினார்கள். காவல் காக்க வாசலே இல்லை என்று செக்யூரிட்டி கம்பெனி அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. மாமா தலைக்கட்டோடு தினமும் வந்து அந்தக் கருகின படியில் உட்கார்ந்தார். மூடியது தெரியாமல் மலையிலிருந்து இறங்கி வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவார். “ஒவ்வொருத்தரா வாங்க, சொல்றேன்.” ஒவ்வொருவராகப் போவார்கள். ஒவ்வொருவரிடமும், “பேங்க் இல்லம்மா, போயிட்டு வாங்க” என்பார்.

ஒரு மத்தியானம் அங்கேயே சரிந்தார். தலைக்குள் ஏதோ போய்விட்டது. ஆட்டோ இருந்தது, பெட்ரோல் இல்லை. நான் போத்தலை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடப் பார்த்தேன். கையைப் பிடித்தார்.

“எடையில பூந்துறாத, ரொட்டி. கடைசில நில்லு.”

நான் கேட்கவில்லை. முன்னால் போய்க் கெஞ்சினேன். அந்தக் கியூ முழுவதும் விலகி வழிவிட்டது. போத்தலோடு நான் திரும்பி வந்தபோது நானா அவர் முகத்தைத் துண்டால் மூடியிருந்தார்.

மயானத்தில் விசில் ஊத ஆளில்லை. முட்டி மோதித்தான் மண் போட்டோம்.

அதன் பிறகு நானும் அந்த ஊரில் நிற்கவில்லை. யட்டியாந்தோட்டை, தெரணியகலை என்று போய்க்கொண்டிருந்தேன். அண்மையில் அந்தப் பக்கம் போனபோது வங்கி திறந்திருந்தது. புதுக் கண்ணாடி, புதுப் படி, குளிர்காற்று. நம்பர் துண்டு தருகிற மெஷின் ஒன்று. எல்லோரும் கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

நான் துண்டு எடுக்கவில்லை. சுவரோரமாகப் போய் நின்றேன், எனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்க இடம் விட்டு.